தோத்தவங்க வீட்டுக்கு அம்மா

எங்க வீட்டுல சொத்துத் தகராறு கிடையாது, சண்டை கிடையாது, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறது கிடையாது. எதுவா இருந்தாலும் விளையாடி முடிவு பண்ணிக்குவோம். கேக்கறவங்களுக்கு ஆகா எவ்வளவு ஒத்துமையான குடும்பம்னு தோணும். எனக்கும் ஆறு வருஷமா அப்படித்தான் தோணிக்கிட்டிருந்துச்சு.

இத ஆரம்பிச்சு வெச்சது எங்க அண்ணன். கார் ஓட்டச் சொல்லித் தர்ற ஸ்கூல்ல வாத்தியார். அந்த வண்டியில வாத்தியார் உக்கார்ற பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், பாத்திருப்பீங்க. கத்துக்க வந்தவன் எங்கயாவது கொண்டு போய் இடிக்கறதுக்கு முன்னால இவன் அத மிதிப்பான். இருபது வருஷம் மிதிச்சு மிதிச்சு வீட்டுலயும் அதே புத்தி. யாராவது பேச வாயெடுத்தா போதும், "இரு இரு இரு"ன்னு ஒரு மிதி. அண்ணி கல்யாணமான நாள்லருந்து ஒரு வாக்கியத்தையாவது முழுசா முடிச்சு நான் கேட்டதில்ல.

குடும்பங்க சிதறிப் போறதுக்குக் காரணம் ஒண்ணா உக்காந்து விளையாடாததுதான்னு எவனோ எங்கயோ எழுதினத அண்ணன் படிச்சுட்டான். அன்னிக்குப் பிடிச்சுது சனி. நிஜமாவே சனிக்கிழமைதான். வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவன் வீட்டு ஹால்ல கூடணும், அட்டையும் பகடையுமா ஏதாவது ஒரு ஆட்டம் ஆடணும். ஒரு அலமாரி நிறைய வாங்கி அடுக்கிட்டான். துணி அடுக்க இடமில்லாம அண்ணி அவங்க புடவைங்கள சூட்கேஸ்ல வெச்சிருக்காங்க.

வெறுமனே ஆடினா சுவாரசியமில்லன்னு, தோத்தவன் ஏதாவது வேலை செய்யணும்னு சேத்தது என் தம்பி. அவனுக்கு வக்கீல்னு பட்டப்பேரு. வக்கீலுக்குப் படிச்சவன் ஒண்ணுமில்ல. வாஷிங் மெஷின் கம்பெனியில போன்ல புகார் கேக்கற வேலை. மெஷின் கெட்டுப் போச்சுன்னு அழறவங்ககிட்ட, வாரண்டி இருக்கு, ஆனா இந்தக் கோளாறுக்கு இல்லன்னு எந்த வரியில எழுதியிருக்குன்னு எடுத்துக் காட்டறதுக்கு அவனுக்குச் சம்பளம். ஆட்டத்துக்கு முன்னால ஒரு தாள்ல பந்தயத்த எழுதுவான், எல்லாரும் கையெழுத்துப் போடணும், ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிடுவான். குழாய் ரிப்பேர்காரன் வர்ற அன்னிக்கு லீவு போட்டு வீட்டுல இருந்தது, சித்தப்பா ரிட்டயர் ஆன விழாவுல மூணு மணி நேரம் பேச்சு கேட்டது, எல்லாம் இப்படித் தோத்தவங்க தலையில விழுந்ததுதான். ஆறு வருஷத்துல ஒருத்தரும் எழுதின பேச்ச மீறினதில்ல. வாக்கு மாறாத பரம்பரைன்னு எங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு மிதப்பு.

நான் நடுவுல பொறந்தவ. மூக்குக் கண்ணாடிக் கடையில லென்ஸ் உரசி ஃப்ரேம்ல பொருத்தற வேலை. அண்ணனையும் தம்பியையும் இப்படிக் கிழிக்கறாளே, இவ என்ன யோக்கியம்னு நீங்க கேக்கலாம். பொறுங்க, என் யோக்கியதையும் வருது.

அம்மா பஸ் டிப்போவுல டைம்கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. எந்த வண்டி எத்தன மணிக்கு வந்துச்சு, எவன் எத்தன நிமிஷம் லேட்டுன்னு எழுதறதுதான் முப்பத்தோரு வருஷமும். அதனால ஆட்டத்துல அவங்க சேர மாட்டாங்க. மணல் இறங்கற குட்டிக் கண்ணாடிக் குடுவையக் கையில வெச்சுக்கிட்டு, நேரம் ஆச்சுன்னா "ஆச்சு"ன்னு ஒரே வார்த்தை. அதுக்கு மேல அப்பீல் கிடையாது, வக்கீலுக்குக்கூட.

தனியாத்தான் இருந்தாங்க, அவங்க சொந்த வீட்டுல. தரையோட இருக்கற சின்ன வீடு, பக்கத்துல முடி வெட்டற கடை, எதிர்ல மாவு மில்லு, பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்ல. ரெண்டு மாசத்துக்கு முன்னால பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்புல அடி. ஆஸ்பத்திரியிலருந்து நேரா அண்ணன் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அண்ணன் வீட்டுக்குன்னு சொல்றேனே, பாத்துக்கிட்டது அண்ணிதான். மருந்துக்கடையில நாள் முழுக்க நின்னுட்டு வந்து, அம்மாவக் குளிக்க வெச்சு, காலப் பிடிச்சு நடக்க வெச்சு, எல்லாம் அவங்கதான். அண்ணன் தினமும் கதவோரமா நின்னு "எப்படிம்மா இருக்கே?"ன்னு கேட்டான். அதுக்கே அவனுக்கு இடுப்பு வலி வந்துடுச்சு.

அந்தச் சனிக்கிழமை அண்ணி டீய வெச்சதும் அண்ணன் தொண்டையச் செருமினான். தன்னோட பங்கு முடிஞ்சுடுச்சாம். இனிமே ஒரு வருஷத்துக்கு அம்மா யார் வீட்டுலன்னு பேசிடணுமாம். அம்மா அங்கதான் இருக்காங்க, சோபாவுல, கையில கம்போட. ஃப்ரிட்ஜ எங்க வெக்கறதுன்னு பேசற மாதிரி பேசினோம்.

அப்போ ஒரு அதிசயம் நடந்துச்சு. போன மாசம் வரைக்கும் அவங்கவங்க வீட்ட அரண்மனைன்னு பீத்திக்கிட்டவங்க, ஆளாளுக்குத் தன் வீட்டையே திட்ட ஆரம்பிச்சோம். படி செங்குத்தா இருக்கு, வயசானவங்க உருண்டா அவ்வளவுதான்னான் அண்ணன். தம்பி வீட்டுக்கு மேல் மாடியில எவனோ டிரம்ஸ் கத்துக்கறானாம், அம்மாவுக்குத் தூக்கம் கெட்டுடுமாம். பொண்டாட்டி புள்ள இல்லாத தனிக்கட்டை, எட்டு மணி நேரம் வீட்டுலயே உக்காந்து போன் பேசறவன். அவனுக்கு அம்மா தூக்கத்து மேல அக்கறை. நான் மட்டும் லேசுப்பட்டவளா? எங்க வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட், பகல்ல தூங்குவாரு, சின்ன சத்தம் கேட்டாலும் எழுந்துக்குவாரு, அம்மாவுக்குத்தான் சங்கடம்னேன். எங்க வீட்டுக்காரர் தலைமாட்டுல இடி விழுந்தாலும் புரண்டுகூடப் படுக்க மாட்டாரு. அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

"நான் என் வீட்டுக்கே போறேன்டா. கம்பு இருக்கு, காலும் இருக்கு" அப்படின்னாங்க அம்மா.

அண்ணன் பிரேக்கப் போட்டான். நீ சும்மா இரும்மா, நாங்க மூணு பேரு இருக்கும்போது உன்னத் தனியா விட்டா நாலு பேரு என்ன பேசுவாங்கன்னான். அண்ணி மெதுவா, போன வாரம் டாக்டர்கிட்டப் போயிருந்தப்ப அவரு சொன்னாரு, குளிக்கற இடத்துல பிடிச்சுக்க ஒரு கம்பி போட்டுட்டா தனியாவே...ன்னு ஆரம்பிச்சாங்க. "இரு இரு இரு." அந்த வாக்கியமும் பாதியிலயே நின்னுச்சு.

தனியா விட்டா ஊர் பேசும். கூட வெச்சுக்கிட்டா நமக்குக் கஷ்டம். ரெண்டுக்கும் நடுவுல முழிச்சோம். அப்போதான் தம்பி அலமாரியப் பாத்தான். அண்ணன் தம்பியப் பாத்தான். பெத்தவளப் பந்தயமா வெக்கலாமான்னு யாராவது ஒருத்தர் கேட்டிருக்கணும். கேக்கல. எனக்கு நெஞ்சுல ஒரு குத்து குத்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா அதே நிமிஷம் மனசு, எந்த ஆட்டம் எடுத்தா நான் ஜெயிப்பேன்னு கணக்குப் போட ஆரம்பிச்சுடுச்சு. இதான் என் யோக்கியதை.

எந்த ஆட்டம்ங்கறதுலயே முக்கால் மணி நேரம் போச்சு. மத்த நாள்ல, இந்த வாரம் நீ சொல்லு, அடுத்த வாரம் நான்னு விட்டுக் கொடுத்துக்குவோம். அன்னிக்கு ஒருத்தரும் ஒரு இஞ்ச் நகரல. அண்ணனுக்குக் குதிரைப் பந்தய ஆட்டம் வேணுமாம். அதுல ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கேள்வி வரும், அந்தக் கேள்விச் சீட்டு எல்லாத்தையும் அவன் பாத்ரூம்ல உக்காந்து மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கான்னு எனக்குத் தெரியும். தம்பி கோட்டை கட்டற ஆட்டத்தத் தூக்கிட்டு வந்தான். அதோட விதிப் புத்தகம் மட்டும் முப்பத்தெட்டுப் பக்கம், அத முழுசாப் படிச்சது இந்த உலகத்துலயே அவன் ஒருத்தன்தான். நான் படத்துண்டுங்களத் தேடிப் பொருத்தற ஆட்டத்தோட டப்பாவ எடுத்தேன். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தக் கண்ணால பிடிக்கறது என் தொழிலு. நீ ஏமாத்தற, நீ ஏமாத்தறன்னு மூணு பேரும் மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டோம். மூணு பேரு சொன்னதும் உண்மைதான்.

"நான் எடுத்துத் தர்றேன்"னு அம்மா கம்ப ஊனி எழுந்தாங்க.

அலமாரியோட அடித்தட்டுலருந்து உருவினது 'கரை சேர்'ங்கற ஆட்டம். வாங்கின புதுசுல நாலு தடவ ஆடினதோட சரி. நீலக் கடலு, சுத்தி எட்டுத் தீவு, நடுவுல துறைமுகம். ஆளுக்கொரு கப்பலு. தீவு தீவாப் போய் ஆறு பெட்டிச் சரக்கு ஏத்திக் கொண்டு வந்து துறைமுகத்துல இறக்கிட்டா கரை சேந்தாச்சு. புயல் சீட்டு வந்தா அத யாரு மேல வேணா போட்டு ஒரு முறை நிறுத்தி வெக்கலாம். காத்துச் சீட்டு வந்தா பகடையில விழுந்த எண்ணுக்கு ரெண்டு மடங்கு போகலாம். அந்தக் காத்துச் சீட்ட நமக்கு வேண்டாம்னா இன்னொருத்தருக்குக் கொடுக்கலாம்னும் ஒரு விதி உண்டு. அத எழுதின புண்ணியவான் எந்த மாதிரி குடும்பத்துல பொறந்தானோ, எங்க வீட்டுல ஒரு தடவகூட அது நடந்ததில்ல.

இந்த ஆட்டத்துல மூணு பேருமே ஒண்ணும் புலியில்லங்கறதால சரின்னோம். சீட்டப் படிக்கறது அண்ணி. டப்பாவத் தொறந்தா நாலு கப்பல்ல ஒண்ணக் காணோம். மூணு பேருக்கு மூணு போதுமேன்னு அண்ணன் சொல்லும்போதே, அம்மா பக்கத்துல கிடந்த சட்டைப் பட்டன் ஒண்ண எடுத்துப் பலகை மேல வெச்சாங்க.

"நானும் ஆடறேன்."

எங்களுக்குச் சிரிப்பு. பாவம், ரெண்டு மாசமா வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கறாங்க, ஆசையா இருக்கும்னு அண்ணன் பெருந்தன்மையாத் தலையாட்டினான். தம்பி டப்பா மேல எழுதியிருக்கறதப் பாத்தான். ரெண்டுலருந்து நாலு பேர் வரை. ஆட்சேபணை இல்ல. தாள எடுத்தான், எழுதினான். நாலு பேர் ஆடறோம், கடைசியா வர்றவங்க அம்மாவ ஒரு வருஷம் பாத்துக்கணும், அப்புறம் பேச்சு மாறக் கூடாது. நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம். அம்மா கண்ணாடிய மாட்டி ரெண்டு தடவ படிச்சுட்டுத்தான் போட்டாங்க. டிப்போப் பழக்கம்னு நெனச்சேன்.

அந்த மாதிரி ஒரு ஆட்டத்த நான் பாத்ததில்ல. ஆறு வருஷமா விளையாடினது எல்லாம் சும்மா, அன்னிக்குத்தான் ஆடினோம். அண்ணன் முதல் மூணு புயலையும் தம்பி மேலயே போட்டான். தம்பிக்கு மூக்கு விடைச்சுக்கிச்சு, ஒரே ஆளு மேல தொடர்ந்து போடக் கூடாதுன்னு விதி இருக்கான்னு பக்கம் பக்கமாப் புரட்டினான். இல்ல. பகடை மேசையிலருந்து கீழ விழுந்தா செல்லுமா செல்லாதான்னு பத்து நிமிஷம் கத்தினாங்க. ரெண்டு பேருக்கும் சேந்து தொண்ணூறு வயசுக்கு மேல ஆகுது.

அவங்க கத்திக்கிட்டிருந்த நேரத்துல நான் ஒரு வேலை பண்ணினேன். சரக்குப் பெட்டிங்க பயறு மாதிரி பொடிசு பொடிசா இருக்கும். என் விரலுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா? குவியல்லருந்து ஒண்ண எடுத்து என் கப்பல்ல செருகிட்டேன். நிமிந்தா அம்மா என்னையே பாத்துக்கிட்டிருக்காங்க. எத்தன டிரைவர், எத்தன கண்டக்டர் பொய்யப் பாத்த கண்ணு அது. அவங்க பாட்டுக்குப் பகடைய எடுத்துப் போட்டாங்க.

அம்மா ஆடினது எங்களுக்குப் புரியவே இல்ல. பக்கத்துல தீவு இருந்தாலும் போகாம எங்கயோ சுத்திட்டு வருவாங்க. சரக்கு ஏத்தற இடத்துல ஏத்தாம போயிடுவாங்க. வயசாயிடுச்சு, நெனவு தப்புதுன்னு அண்ணன் என் காதக் கடிச்சான். இந்த நிலைமையில தனியா வேற இருக்கப் போறாங்களாம்னு சேத்துக்கிட்டான்.

புயல்ல மாட்டிக்கிட்டுத் தம்பி எங்களவிட ரொம்பப் பின்னால போயிட்டான். அவன் மூஞ்சி தொங்கிப் போச்சு. அப்போ அம்மாவுக்குக் காத்துச் சீட்டு வந்துச்சு. அண்ணி படிச்சு முடிக்கறதுக்குள்ள, "அவனுக்குக் குடு"ன்னுட்டாங்க. தம்பிக்கு வாயெல்லாம் பல்லு. கடைக்குட்டி இல்லையா, அம்மாவுக்கு என் மேல எப்பவுமே ஒரு இதுன்னு பீத்திக்கிட்டான். கொஞ்ச நேரத்துல அண்ணன் சறுக்கினான். அடுத்த காத்து அவனுக்குப் போச்சு. தலைச்சன் பாசம்னு அவன் நெஞ்ச நிமித்தினான். அதையும் சும்மா வாங்கிக்கல, எனக்கு உதவி தேவையில்ல, இருந்தாலும் அம்மா குடுத்தத மறுக்கக் கூடாதுன்னு ஒரு வசனம் பேசிட்டு வாங்கிக்கிட்டான்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பெத்த பொண்ணு ஒருத்தி இங்க உக்காந்திருக்கேன், கண்ணு தெரியலையா? அப்பயும் சரி இப்பயும் சரி, புள்ளைங்களுக்குத்தான் எல்லாம். இப்படி நான் புகைஞ்சுக்கிட்டிருக்கும்போதே அண்ணன் என் மேல ரெண்டு புயலப் போட்டான். திருட்டுப் பெட்டி இருந்தும் நான் பின்னால தள்ளப்பட்டேன். எனக்குப் பின்னால அம்மாவோட பட்டன் மட்டும்தான். அம்மாவ வெச்சுக்கிட்டு ஒரு வருஷம். குளிக்க வெக்கணும், ராத்திரி எழுந்து பாக்கணும், என் சமையலுக்கு அவங்க சொல்ற குத்தம், என் புருஷன் வாங்கிட்டு வர்ற சாமானுக்கு அவங்க சொல்ற குத்தம். நான் அம்மா மேல ஆசை இல்லாதவ இல்ல. தினமும் போன் பண்ணுவேன். போன்ல ரொம்ப ஆசை.

அப்போ வந்த காத்த அம்மா எனக்குக் குடுத்தாங்க. அதுக்கு அடுத்ததையும் எனக்கே குடுத்தாங்க.

முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ரெண்டாவது சீட்டக் கையில வாங்கினப்பதான் சுருக்குன்னுச்சு. என் வீட்டுக்கு வர அம்மாவுக்கு அவ்வளவு இஷ்டமில்லையா? என்ன அப்படி நான் குறை வெச்சுட்டேன்? ஒரு நிமிஷத்துக்கு முன்னால அவங்கள எப்படித் தட்டிக் கழிக்கறதுன்னு தவிச்சவளுக்கு, இப்போ அவங்க என்னத் தட்டிக் கழிக்கறாங்களேன்னு கண்ணு கலங்குச்சு. இந்த மனசு இருக்கே, இதுக்கெல்லாம் செருப்பாலதான் அடிக்கணும்.

தம்பி முதல்ல கரை சேந்தான். சாமி கும்பிடற மாதிரி ரெண்டு கையையும் தூக்கினான். அடுத்தது அண்ணன். எனக்கு ஒரு நாலு விழுந்தாப் போதும், ஆறு விழுந்துச்சு. கடைசிப் பெட்டிய இறக்கினேன். பலகையில மிச்சம் இருந்தது அம்மாவோட பட்டன், ரெண்டே பெட்டியோட, துறைமுகத்துலருந்து எங்கயோ தூரத்துல.

அண்ணன்தான் முதல்ல சிரிச்சான். அம்மா சும்மா துணைக்கு ஆடினவங்க, அவங்கள விட்டுடலாம், மூணு பேருல யாரு கடைசின்னு பாருங்கன்னு என் பக்கம் திரும்பினான்.

"எழுதினதப் படிடா" அப்படின்னாங்க அம்மா தம்பியப் பாத்து.

தம்பி படிச்சான். நாலு பேர் ஆடறோம்ங்கற இடத்துலயே அவன் குரல் இறங்கிடுச்சு. வாழ்க்கையில முதல் தடவையா வக்கீலுக்குத் தான் எழுதின வரியே தொண்டையில சிக்கிக்கிச்சு.

"நாலு பேருல கடைசி நான். அம்மாவ நான்தான் பாத்துக்கணும்." அவங்க கண்ணாடியக் கழட்டி மடிச்சாங்க. "பாத்துக்கறேன். என் வீட்டுல குளிக்கற இடத்துல போன வாரமே கம்பி போட்டாச்சு."

எப்போ, யாரு போட்டதுன்னு அண்ணன் கேட்டான். முடி வெட்டற கடைக்காரர் கூட இருந்து போட வெச்சாராம், அண்ணி போன்லயே ஏற்பாடு பண்ணினாங்களாம். அண்ணன் பொண்டாட்டியப் பாத்த பார்வைய நீங்க பாக்கணும். வண்டிக்குள்ள எத்தன பிரேக் இருந்தாலும், வண்டியே இவன விட்டுட்டுப் போயிட்டா எத மிதிப்பான்?

இப்போ எல்லாரோட கண்ணும் என் மேல. அம்மாவக் கணக்குல சேக்கலன்னா மூணாவது நான். நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா, தோத்தது நான், நீ என் வீட்டுக்கு வா. அவ்வளவுதான். அம்மாவும் என்னத்தான் பாத்தாங்க. வரமாட்டேன்னுதான் சொல்லியிருப்பாங்க, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் கூப்பிடறேனான்னு பாத்தாங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சத்தியமா வந்துச்சு.

"எழுதினது எழுதினதுதானே" அப்படின்னேன்.

என் குரல்தான். நானே கேட்டேன். அம்மா தலைய ஒரு தடவ ஆட்டிக்கிட்டாங்க, நேரத்துக்கு வண்டி வந்த மாதிரி. கம்ப ஊனி உள் ரூமுக்குப் போனாங்க. அண்ணியும் பின்னாலயே போனாங்க. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு ஒரு பழமொழி சொல்லுவாங்க. பின்பாதி சரிதான்.

அவங்க உள்ள போனதும் எங்களுக்கு மூச்சு வந்துச்சு. அண்ணன் கால நீட்டிக்கிட்டு, எப்படியோ அம்மா இஷ்டப்படியே முடிஞ்சுது, அதான முக்கியம்னான். ஆமாமான்னோம். அவங்க சந்தோஷம்தான் நம்ம சந்தோஷம்னான் தம்பி. அதுக்கும் ஆமாமா. ஆறிப் போன டீயக்கூட நல்லாருக்குன்னு குடிச்சோம்.

அப்புறம் அம்மாவக் கொண்டு போய் விடணுமேன்னு பேச்சு வந்துச்சு. அண்ணனுக்கு நாள் முழுக்க வண்டி ஓட்ட வெச்ச அலுப்பு. தம்பிக்கு எட்டு மணிக்கு ஒரு போன் வருமாம். எனக்கு அது எதிர்ப் பக்கம், சுத்திக்கிட்டுப் போகணும். ஒருத்தரையொருத்தர் பாத்தோம். தம்பி பகடைய எடுத்து நடுவுல வெச்சான். யாருக்குக் கம்மியா விழுதோ அவங்க. அண்ணனுக்கு ஆறு. தம்பிக்கு அஞ்சு, அது மேசை ஓரத்துல சாஞ்சு நின்னதால செல்லாதுன்னு அண்ணன் மறுபடி போட வெச்சான், அப்பயும் அஞ்சு. எனக்கு மூணு.

சரி போ, நானே விடறேன்னு பெருமூச்சு விட்டுக்கிட்டு எழுந்தேன். பெரிய தியாகி. உள் ரூம் கதவத் தட்டினேன். தொறந்துதான் இருந்துச்சு. கட்டில் விரிப்பு மடிச்சு வெச்சிருந்துச்சு, அம்மாவோட பையக் காணோம், மருந்து டப்பாவக் காணோம். கீழ தெருவுல ஒரு டாக்ஸிக் கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சு. உடனே இன்னொரு கதவும் சாத்துச்சு. ஜன்னலுக்கு ஓடினேன். பின் சீட்டுல அம்மா, பக்கத்துல மடியில பையோட அண்ணி. அந்தப் படி செங்குத்துன்னு சொன்னோமே, ஹாலத் தாண்டி அதுல அவங்க எப்போ இறங்கினாங்கன்னு எங்க மூணு பேருக்கும் தெரியல. நாங்க பகடை போட்டுக்கிட்டிருந்தோம்.

அம்மான்னு கூப்பிட்டேன். மேல யாரும் பாக்கல. வண்டி போயிடுச்சு. ஒரு கையால ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன்.

அண்ணன் பின்னால வந்து எட்டிப் பாத்தான். கொஞ்ச நேரம் காலியாக் கிடந்த தெருவையே பாத்துட்டு, "அப்போ ராத்திரிக்குச் சமையல் யாரு?"ன்னு கேட்டான். ஹால்ல தம்பி மேசைக்கு அடியில குனிஞ்சு பகடையத் தேடிக்கிட்டிருந்தான். அது என் கையில இருந்துச்சு.